ஊட்டுல யாருங்?

போசிக பேச ஆரம்பிச்ச கதைய எங்க பக்கத்துல யாரைக் கேட்டாலும் அன்வர் வாத்தியாரோட பிரியாணி அண்டாவுல இருந்துதான் ஆரம்பிப்பாங்க, அதுல தப்பும் இல்ல, ஏன்னா எல்லாரும் கேக்க மொதல்ல வாயத் தொறந்தது அதுதான். ஆனா துளசிமணிக்கு மட்டும் அது அதுக்கும் முன்னாடியே, ஒரு வெய்யக்கால மத்தியானத்துல, அவளே அவ கையால ஒரு போசிய மூடினப்பவே ஆரம்பிச்சிருச்சு, அதை அவ யாருகிட்டயும் சொல்லல, கட்டின புருசங்கிட்டக்கூடச் சொல்லல. போசின்னா என்னன்னு கேக்கற வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லீர்றேன், சோறு கொழம்பு ஆக்கற பாத்திரம், அதை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்.

காங்கேயத்துல இருந்து தாராபுரம் போற ரோட்டுல எங்க ஊரு. ஊருக்குள்ள நொழையற எடத்துல ஒரு பழைய கல்யாண மண்டபம் இருக்குது, ஒரு காலத்துல முகூர்த்தத்துக்கு அதுல எடம் கெடைக்காம சனம் அலைஞ்சுது, அப்பறம் ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளையோட மாமன் கை கழுவற எடத்துல பாசி வழுக்கி உழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டாரு, அவரு உழுந்தது பாசியாலன்னு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் மண்டபத்துக்கு ராசி இல்லைன்னு பேராகிப்போச்சு, பாசியத் தேய்ச்சுக் கழுவிட்டாங்க, பேரத் தேய்க்க முடியல. அது கெடக்குது. சும்மா கெடந்த அந்த மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்துலதான் அன்வர் வாத்தியாரு சமையல் வகுப்பு போட்டாரு.

வாத்தியாரு ஆம்பூர்ல பொறந்து, கப்பல்ல சமைச்சு, பல தேசத்து மனுசருக்குச் சோறு போட்டவரு, அவரு சம்சாரத்துக்கு இங்க பள்ளிக்கூடத்துல வேலை கெடைச்சதால அவரும் கரண்டியத் தூக்கிக்கிட்டு இங்கயே வந்து சேந்துட்டாரு. அவரு வகுப்புல ஒரு வழக்கம் வெச்சிருந்தாரு. எந்த ஊரு சமையலச் சொல்லிக்குடுக்கறதா இருந்தாலும், அடுப்பப் பத்தவெக்கறதுக்கு முன்னாடி, அந்த ஊர்ல வாசலுக்கு வந்தவங்கள என்னன்னு கூப்புடுவாங்கன்னு மொதல்ல சொல்லிக்குடுப்பாரு. "கையெடுத்துக் கும்புடறதா, நெஞ்சு மேல கை வெக்கறதா, கால்ல உழறதா, அது தெரியாம அந்த ஊரு உப்பும் ஒறைப்பும் கைக்கு வராதுங்க" அப்படிம்பாரு. அதனால தெனமும் பாதிப் பேரு கதவுக்கு வெளிய விருந்தாளியா, எங்க பேச்சுல ஒறம்பரையா, நிப்பாங்க, பாதிப் பேரு உள்ள கரண்டியோட ஊட்டுக்காரங்களா நிப்பாங்க, ஒரு நாளைக்கு சத் ஸ்ரீ அகால், ஒரு நாளைக்கு நமஸ்காரா, ஒரு நாளைக்கு ஆதாப். டீக்கடை வேலுச்சாமி ஒரு கையில வெங்காயத்தையும் கத்தியையும் வெச்சுக்கிட்டு மறு கையால மட்டும் நமஸ்தே சொன்னதுக்கு, "பாதி வரவேற்பு சொன்னீங்கன்னா அவங்க பாதி வயிறுதான் சாப்புடுவாங்க"ன்னு வாத்தியாரு அவரை மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லவெச்சாரு.

அப்படி ஒரு வெள்ளிக்கெழம பிரியாணிக்கு தம் ஒடைச்சு மூடியத் தூக்கினப்ப, ஆவியோட சேந்து அண்டாவுக்குள்ள இருந்து ஒரு வயசான மனுசர் கொரலு, "அஸ்ஸலாமு அலைக்கும், வாங்க வாங்க, மொத பந்தியிலயே உக்காருங்க"ன்னுச்சு. வாத்தியாரு நெஞ்சுல கை வெச்சு, "வ அலைக்கும் ஸலாம் அத்தா"ன்னு சொல்லிட்டு, ஓரத்துல இருந்து அரிசி ஒடையாமக் கெளறி எடுக்க ஆரம்பிச்சாரு. அவங்க அத்தா மண்ணுக்குள்ள போயி ரொம்ப காலம் ஆச்சு. அடுத்த நாளு சுனிதா கிச்சடி பண்ணினா. சுனிதாங்கறது பீகார்க்காரப் பொண்ணு, அவ புருசன் திருப்பூர் பனியன் கம்பெனியில மிசின் ஓட்டறான். அவ மூடியத் தொறந்ததும் உள்ள இருந்து ஒரு பொம்பளக் கொரலு "ஆவ, பைட"ன்னுச்சு, அவங்க பாஷையில வா, உக்காருன்னு அர்த்தமாம், அந்தப் பொண்ணு அப்படியே சமையக்கட்டுத் தரையில சம்மணம் போட்டு உக்காந்து, அழுதுக்கிட்டே ஊதி ஊதித் தின்னா. அவ அம்மாவ அவ பாத்து நாலு வருசம்.

ஊருக்குள்ள இது பரவறதுக்கு எத்தன நேரம் ஆகும். வகுப்புக்கு வந்தவங்க ஊட்டுல மொதல்ல, அப்பறம் அவங்க பக்கத்து ஊட்டுல, அப்பறம் ஓட்டல்ல, கோயில் மடப்பள்ளியில, சுத்துப்பட்டு கிராமத்துலன்னு, மூடி போட்டு ஆக்கின எந்தப் போசியத் தொறந்தாலும், அந்தச் சமையல அந்த ஊட்டுக்குக் கொண்டுவந்தவங்க கொரல்லயோ, அந்த அடுப்படியில நின்ன பெரியவங்க கொரல்லயோ "வாங்க"ன்னு ஒரு வார்த்தை வரும். குக்கரு மட்டும் ஒண்ணும் சொல்லாது, புஸ்ஸுன்னு ஆவிய உட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். சனங்களுக்கு ஆச்சரியமெல்லாம் ரெண்டு நாளுதான், அப்பறம் மத்த வேலையப் பாக்கத் தொடங்கிட்டாங்க. ஏட்டையா தெனமும் மத்தியானம் மெஸ்ஸு வாசல்ல வந்து நின்னுக்குவாரு, சாப்புடறதுக்கு இல்ல, அவரு சர்வீசு பூராவும் எந்த ஊட்டுலயும் போலீசுக்காரனப் பாத்து மனசோட வாங்கன்னு சொன்னதில்லையாம், அதுக்காக. ஒண்டிக்கட்டை தையக்காரரு ஒருத்தரு, சோத்துப் போசிய ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ தொறந்து தொறந்து மூடுவாரு, சோறு ஆறிப்போறதப் பத்திக் கவலைப்பட மாட்டாரு. பஞ்சாயத்துத் தலைவரம்மா ஊட்டு ரசம் தலைவரம்மாவோட புருசனப் பாத்து "வாடா தீவட்டி"ன்னு கூப்புட்டுது, அது அவரோட பாட்டனாரு கொரலு, அவரால மறுத்துப் பேச முடியல.

ஒரே ஒரு தொந்தரவு என்னன்னா, போசிக்கு ஒறவு யாரு, பகை யாருன்னு தெரியாது. வரப்புத் தகராறுல ரெண்டு தலைமுறையா மூஞ்சி பாக்காத பங்காளி வாசல்ல போகையில மூடியத் தொறந்தாலும் அது வாங்கன்னுதான் சொல்லும், சொன்ன பொறவு உள்ள வந்தவன எந்தக் கொம்பனும் போன்னு சொல்ல மாட்டான். அதனால பகை வெச்சிருந்த ஊடுகள்ல எல்லாம் மூடி போடாமயே ஆக்க ஆரம்பிச்சாங்க. அப்படி மூடியில்லாம ஆக்கின சோறு பாதி வேக்காடுதான். எந்த ஊட்டுல யாருக்கு வயித்து வலின்னு வெச்சு எந்த ஊட்டுக்கு எவ்வளவு பகைன்னு மருந்துக்கடைக்காரரு கண்டுபுடிச்சிருவாரு.

துளசிமணி ஊட்டுல மூடி போட்ட போசியும் இல்ல, மூடியில்லாத போசியும் இல்ல, அவ குக்கருக்கு மாறிட்டா. சென்னியப்பன், அதுதான் அவ புருசன், எண்ணெய் மில்லுல இருந்து மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தா, "ஊரே போசியத் தொறந்து பேசிக்கிட்டு இருக்குது, நம்மூட்டுல மட்டும் என்னத்துக்கு அம்மணி இந்த புஸ்ஸு"ம்பாரு. "அவசரத்துக்கு ஆகுதுங்க"ம்பா. ஊட்டுல இருக்கறது ரெண்டு பேரு, மக வெளிநாட்டுல, அவசரம் என்ன கெடக்குது. ஆனா அவருக்கு அவளோட மத்தியானத்தப் பத்தித் தெரியாது. மத்தியான நேரத்துல அந்த ஊட்டுக்குள்ள தனியா இருக்க முடியாமத்தான் அவ இந்த வகுப்புலயே சேந்தா, கேட்டவங்ககிட்ட எல்லாம் கேக்கு சுடக் கத்துக்கறதுக்குன்னு சொல்லிவெச்சா.

வகுப்புல நம்ம பக்கத்து முறை வந்தது. வாத்தியாரு துளசிமணியத்தான் கூப்புட்டாரு. நம்ம பக்கத்துச் சமையல்னா அரிசிம்பருப்புதான், அரிசியும் தொவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும் ஒண்ணாப் போட்டு ஒரே போசியில வேகவெக்கறது, சொல்லாமக் கொள்ளாம ஒறம்பரை வந்து நின்னா அவங்க மூஞ்சி கழுவிட்டு வர்றதுக்குள்ள ஆக்கிப்போடலாம், அதுக்குன்னே ஏற்பட்ட சோறு. அதுக்கு முன்னாடி வரவேற்பு எப்படின்னு வாத்தியாரு கேக்க, அவ கூட்டத்துக்கு முன்னால நின்னு சொன்னா. "வந்தவங்கள மொதல்ல வாங்கன்னு கேக்கோணும். நாம உள்ள எந்த வேலையா இருந்தாலும் உட்டுட்டு வாசலுக்கு வந்து கேக்கோணும். அப்பறம் ஒரு சொம்பு தண்ணி குடுக்கோணும். அவங்களுக்குத் தாகமே இல்லைன்னாலும் ஒரு மொடக்கு குடிச்சுட்டுத்தான் சொம்பத் திருப்பித் தருவாங்க. அதுக்கப்பறந்தான் எதுக்கு வந்தாங்கங்கற பேச்சே." சொல்லிக்கிட்டே சொம்ப நெறைச்சதுல, தண்ணி வழிஞ்சு தரையில சிந்திச்சு. "என்னங்க்கா, பரிச்சைக்குப் பயந்த புள்ளையாட்ட"ன்னு வேலுச்சாமி சிரிச்சாரு.

சோறு வெந்துது. எல்லாரும் சுத்தி நின்னாங்க. அவ மூடியத் தொறந்தா.

"அம்மணீ, ஊட்டுல யாருங்?"

எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. அதுவரைக்கும் எல்லாப் போசியும் ஊட்டுக்காரங்களாட்ட உள்ள இருந்து வாங்கன்னு கூப்புட்டுது, இது ஒண்ணுதான் ஒறம்பரையாட்ட வெளிய நின்னு கூப்புடுது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "அம்மணீ, ஊட்டுல யாருங், இருக்கறீங்களா?" அப்பறம் செருப்ப இழுத்து இழுத்து நடக்கற சத்தம். அப்பறம் ஒரு கொழாயத் தொறக்கற சத்தம், கையில தண்ணி புடிச்சுக் குடிக்கற சத்தம், அப்பறம் கொழாய நல்லா இறுக்கி மூடற சத்தம். அதுக்கப்பறம் ஒண்ணும் இல்ல, வெறும் ஆவி. வேலுச்சாமி பெருந்தன்மையா, "இருக்கறோம், உள்ள வாங்க"ன்னு போசியப் பாத்துச் சொன்னாரு. போசி அவரைக் கண்டுக்கல. மறுபடியும் மொதல்ல இருந்து "அம்மணீ"ன்னுச்சு. வாத்தியாரு சொன்னாரு, சுனிதா அவ பாஷையில சொன்னா, எல்லாரும் சேந்து ஒரே கொரல்ல சொன்னாங்க. அது அவங்களக் கூப்புடல. துளசிமணி தலையக் குனிஞ்சுக்கிட்டு கறிவேப்பிலக் காம்பப் பொறுக்கிக்கிட்டு இருந்தா. அந்தச் சோத்த யாரும் திங்கல. ருசி இல்லாம இல்ல, வாசல்ல ஆளு நின்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கறப்ப உள்ள உக்காந்து எப்படி ஒருத்தரு சோத்தப் பெசையறது.

அது நாச்சம்மாளோட கொரலு. நாச்சம்மா துளசிமணியோட அண்ணன் பொண்டாட்டி, எங்க பக்கத்துல அண்ணிய நங்கைன்னு சொல்லுவோம். துளசிமணிக்கு அரிசிம்பருப்பு ஆக்கச் சொல்லிக்குடுத்ததே அவதான், கல்யாணம் ஆகி வந்த புதுசுல, இந்த நாத்தனா அப்ப பாவாடை கட்டின புள்ள, அடுப்படியில முக்காலி மேல நிக்கவெச்சுச் சொல்லிக்குடுத்தா. அண்ணன் பொன்னுச்சாமி நெஞ்சு வலியில போனதுக்கப்பறம் நாச்சம்மா ஒத்தையில வெள்ளாமைக் காட்டையும் பாத்து, மக மேகலாவையும் படிக்கவெச்சு, ஒரு நல்ல எடமும் பாத்து முடிச்சா. கல்யாணத்துக்கு அழைக்கோணும். போன்ல கூப்புடறது கூப்புடறதுல சேத்தியில்ல, பத்திரிகைய வெத்தல பாக்கோட தட்டத்துல வெச்சு, குங்குமம் குடுத்து, கையில குடுத்துக் கூப்புடோணும், அதுவும் பொண்ணுக்கு அத்தைக்காரிய மொதல்ல கூப்புடோணும், அவதான் முன்னால நின்னு சீர் செய்யறவ. அப்படித்தான் நாச்சம்மா அந்த மத்தியானம் ரெண்டு பஸ்ஸு மாறி, கையில பையோட, துளசிமணி ஊட்டு வாசல்ல வந்து நின்னா.

துளசிமணிக்கு அவ மேல ஒரு கோவமும் இல்ல, அதச் சொல்லீரோணும், கோவம் இருந்திருந்தாக்கூட ஒரு காரணம்னு வெச்சுக்கலாம். முந்தின நாளுதான் சென்னியப்பனோட சொந்தக்காரங்க ஒரு வேன் நெறைய வந்து தின்னுட்டுப் போயிருந்தாங்க. இடுப்பு ஒடிஞ்சு கெடந்தா. தனக்கு மட்டும் ஒரு கை அரிசிம்பருப்பு ஆக்கி எறக்கிவெச்சு, ரெண்டு வாய் தின்னுட்டு கட்டையச் சாய்க்கலாம்னு இருந்தா. அப்பத்தான் வாசல் கேட்டு தொறக்கற சத்தமும், அந்தக் கொரலும். நாச்சம்மா வந்தாப் பொழுதோடதான் போவா, பேச்சுன்னாப் பேச்சு, வாங்கன்னு கேட்டா தண்ணி, தண்ணி குடுத்தாக் காப்பி, காப்பி குடுத்தா மறுபடியும் ஒல வெக்கோணும். துளசிமணி ஒண்ணும் யோசிக்கல. வாசம் வெளிய போகாம இருக்கோணும்னு போசிய மூடினா. பொட்டாட்ட, சத்தமில்லாம, சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னால உக்காந்துக்கிட்டா. நாச்சம்மா கூப்புட்டா. மறுபடியும் கூப்புட்டா. வாசப்படியில சித்தெ நேரம் உக்காந்தா. அப்பறம் செடிக்குத் தண்ணி உடற கொழாயில, கையாலயே புடிச்சு, தண்ணி குடிச்சா. ஒறம்பரை வந்தா மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுக்கற ஊர்ல, ஒரு மனுசி நாத்தனா ஊட்டு வாசல்ல கொழாத் தண்ணியக் குடிச்சுட்டு, அது சொட்டாம இருக்க நல்லா இறுக்கி மூடிட்டு, திரும்பிப் போயிட்டா.

துளசிமணி பொழுதோட போன் பண்ணிருக்கலாம். நாளைக்குப் பண்ணலாம்னு இருந்தா. நாளைக்கு அதுக்கு அடுத்த நாளாச்சு. நாச்சம்மா மறுபடியும் வரல. கல்யாணம் நடந்துபோச்சு. அத்தை செய்ய வேண்டிய சீரை யாரோ ஒரு ஒண்ணுவிட்ட பெரியம்மா செஞ்சாளாம். சென்னியப்பன் குதிச்சாரு. "கூடப் பொறந்தவளக் கூப்புடாம ஒரு கல்யாணமா? காடு வெளைஞ்சா கண்ணு தெரியாமப் போயிருமா அவளுக்கு?" ஊரே சென்னியப்பன் பக்கம், நாச்சம்மா பக்கம் ஒரு ஆளு இல்ல. ரெண்டு ஊட்டுக்கும் போக்குவரத்து நின்னுபோச்சு. அவரு பேசறப்ப எல்லாம் துளசிமணி பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சா. கண்ணுல தண்ணி வந்தா வெங்காயத்து மேல போட்டுக்கலாம்.

அதுதான் கதை. இப்ப அந்தப் போசி.

அவ அரிசிம்பருப்ப உட்டுட்டு எலுமிச்ச சாதம் கெளறிப் பாத்தா, பாயாசம் வெச்சுப் பாத்தா, கேசரி கிண்டிப் பாத்தா. மூடியத் தொறந்தா "அம்மணீ, ஊட்டுல யாருங்", அப்பறம் அந்தக் கொழாய். மத்தவங்க போசியக் கடன் வாங்கினா, அதுவும் அவ கை பட்டா அப்படியே. அவ ஆக்கினது எல்லாம் ஆறி, மண்டபத்து நாயிக்குப் போச்சு, நாயிகூட ஒரு தடவ வாசல் கேட்டுப் பக்கம் திரும்பிப் பாத்துட்டுத்தான் வாய் வெச்சுது. வகுப்புல யாரும் அவளத் தோண்டித் துருவிக் கேக்கல, அவ மூடியத் தொறக்கறப்ப மட்டும் எல்லாரும் ஏதோ வேலையிருக்கற மாதிரி அக்கட்டால தள்ளிப் போயிருவாங்க, அந்த மரியாதைதான் அவளுக்கு ரொம்ப வலிச்சுது. சுனிதா ஒருத்திதான் பாத்தரம் கழுவறப்ப பக்கத்துல வந்து நின்னு, அவளுக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னா: "அக்கா, வெளிய ஆளு நிக்குது. ரொம்ப நேரம் நிக்குது. கால் வலிக்கும்ல?"

துளசிமணி போசியத் தேய்ச்சா. கரியே இல்லாத எடத்தையும் தேய்ச்சா.

வகுப்பு முடியற நாளு வந்துது. அன்னிக்கு எல்லாரோட ஊட்டு ஆளுகளையும் கூப்புட்டு விருந்து, அவங்கவங்க போசிய அவங்கவங்களே சனத்துக்கு முன்னால தொறக்கோணும். அவ வாத்தியாருகிட்டப் போயி, "நான் குக்கர்ல வெச்சர்றேனுங்களே"ன்னு கேட்டா. "வெக்கலாம்மா. உங்க இஷ்டம். ஆனா குக்கர்ல வெச்சா யாரும் கூப்புட மாட்டாங்க, யாரும் வரவும் மாட்டாங்க." அவ காய்ச்சல்னு படுத்துக்கலாம்னு பாத்தா, சென்னியப்பன் அதுக்குள்ள மில்லு ஆளுக, பங்காளிக, சம்பந்தக்காரங்கன்னு ஊரையே கூப்புட்டு வெச்சிருந்தாரு. "ஊட்டுலதான் புஸ்ஸுங்குது, அங்கயாச்சும் ஒரு வார்த்தை கேக்கறேன்"னாரு.

விருந்தன்னிக்கு எலை போட்டாச்சு. அண்டா ஸலாம் சொல்லிச்சு, எல்லாரும் பதிலுக்குச் சொன்னாங்க. கிச்சடி உக்காரச் சொல்லிச்சு, எல்லாரும் நல்லா நகந்து உக்காந்தாங்க. வேலுச்சாமியோட கொள்ளுப் பருப்பு, "வாங்க, பையக் கீழ வைங்க"ன்னு சொல்லி ஒரு வாட்டி இருமிச்சு, அது அவரு தாத்தனோட சுருட்டு இருமலு, சனம் சிரிச்சுது. அப்பறம் துளசிமணி. சென்னியப்பன் முன் வரிசையில துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவ மூடி மேல கை வெச்சா. வேண்டாம்னு நெனச்சா. தூக்கினா.

"அம்மணீ, ஊட்டுல யாருங்?"

"இது நாச்சம்மா கொரலாச்சே"ன்னாரு சென்னியப்பன். அவரு மூஞ்சி கருத்துது. "கல்யாணத்துக்குக் கூப்புட எங்க வாசப்படி மிதிக்காதவ, இங்க வந்து எதுக்குக் கூப்புடறா?" பங்காளிக எல்லாம் தலையாட்டினாங்க. போசி மறுபடியும் கூப்புட்டுது. செருப்புச் சத்தம். கொழாய். அந்தக் கொழாய்ச் சத்தத்தக் கேட்டதும் சென்னியப்பன் நிமுந்து உக்காந்தாரு. தொறக்கறப்ப கீச்சுன்னு ஒரு மூச்சு உட்டுட்டுத் தண்ணி உடற கொழாய் அவரு ஊட்டு வாசல்ல இருக்கறது ஒண்ணுதான், மாத்தோணும் மாத்தோணும்னு அவரு தெனமும் சொல்லிக்கிட்டு இருக்கறது. அவரு போசியப் பாத்தாரு, அவளப் பாத்தாரு.

போசி மூணாவது தடவ கூப்புடறதுக்குள்ள துளசிமணி சொன்னா, மெதுவாத்தான் சொன்னா, ஆனா மண்டபம் அவ்வளவு அமைதியா இருந்ததுல கடைசி பந்திக்கும் கேட்டுது.

"இருக்கறேன் நங்கே. அன்னிக்கும் உள்ளதான் இருந்தேன்."

போசி அடங்கிருச்சு. வாங்கன்னும் சொல்லல, ஒண்ணும் சொல்லல. ஆவி மட்டும் வந்துக்கிட்டு இருந்துது. யாரும் அவளத் திட்டல, ஒருத்தரும் ச்சேன்னு சொல்லல, சனம் எலையப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டுது, அவங்கவங்க எந்தப் போசிய எந்த நாளு மூடினாங்களோ யாருக்குத் தெரியும். சென்னியப்பன் எந்திரிச்சாரு. எலையத் தொடல. "ரெண்டு வருசமா அவளப் பத்தி நான் பேசினதையெல்லாம் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தியே அம்மணி"ன்னாரு, சாப்புடாமயே போயி கை கழுவினாரு, பாசி இல்லாத எடத்துல பாத்துப் பாத்துக் காலு வெச்சு நடந்து போனாரு. சுனிதாதான் எலைய முன்னால இழுத்துக்கிட்டு, "எனக்குப் போடுங்க அக்கா"ன்னா. துளசிமணி போட்டா. அந்த மண்டபத்துல அவ ஆக்கினத மனுசங்க தின்னு அன்னிக்குத்தான் பாத்தா.

அடுத்த நாளு காலையில புதுசா அரிசிம்பருப்பு ஆக்கி, போசிய ஒரு துணியில கட்டிக்கிட்டு நின்னா. சென்னியப்பன் ஊட்டு முன்கூடத்து ஆசாரத்துல உக்காந்திருந்தாரு. "நீங்களும் வர்றீங்களா"ன்னு கேட்டா. "நான் பேசின பேச்சுக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது. நீ போ"ன்னாரு. வாசல்ல எறங்கறப்ப, "பஸ்ஸு மாறறப்ப பாத்து மாறு"ன்னாரு.

ரெண்டு பஸ்ஸு. சூடான போசி மடியில. போசி வாயத் தொறக்கல, கண்டக்டரு மட்டும் மூக்க உறிஞ்சி, "அரிசிம்பருப்புங்களா"ன்னு கேட்டுட்டுப் போனாரு. எறங்கி, வெய்யல்ல நடந்து, நாச்சம்மா ஊட்டு வாசல்ல நின்னப்பத்தான் அவளுக்குத் தெரிஞ்சுது, அந்தக் கேள்விய வெளிய நின்னு கேக்கறப்ப தொண்டை எவ்வளவு வறண்டு போகுதுன்னு.

"நங்கே, ஊட்டுல யாருங்?"

பதில் இல்ல. கதவு தொறந்துதான் இருந்துது. செருப்பு வாசல்ல இருந்துது. உள்ள இருந்து தாளிச்ச வாசம் வந்துது, பூண்டும் வெங்காயமும். மறுபடியும் கூப்புட்டா. உள்ள ஒரு வளையல் சத்தம், அப்பறம் அதுவும் இல்ல. அவ வாசப்படியில உக்காந்தா. உக்காந்துக்கிட்டே இருந்தா. தாகம் தாங்கல. செவுத்தோரம் இருந்த கொழாயில கையாலயே புடிச்சுத் தண்ணி குடிச்சா, தண்ணி சுட்டுது. இப்படித்தான் சுட்டிருக்கும் அன்னிக்கும்னு நெனச்சா. போசியத் தூக்கிக்கிட்டுப் போயிரலாமான்னு எந்திரிச்சப்ப, உள்ள மூடியத் தொறக்கற சத்தம் கேட்டுது, கூடவே ஒரு ஆம்பளக் கொரலு, அவளத் தோள்ல தூக்கிக்கிட்டு கோயில் நோம்பித் திருவிழாக் கடைக்குப் போன கொரலு:

"வா அம்மணி. வெய்யல்ல ஏன் நிக்கறே, உள்ள வா."

துளசிமணி தூக்கின போசியக் கீழ வெச்சா.

நாச்சம்மா கரண்டியோட வெளிய வந்தா. எளைச்சுப் போயிருந்தா. "கூப்புட்டது உங்க அண்ணன்"னா. "நான் கூப்புடல. அடி புடிச்சுக்குமேன்னு மூடியத் தொறந்தேன், அது கூப்புட்டுருச்சு." நின்னா. கரண்டியில இருந்து பருப்பு சொட்டிச்சு. "அவரு கூப்புட்டவங்கள நான் என்னிக்கும் வாசல்ல நிக்க உட்டதில்ல."

ஒரு சொம்பு தண்ணி கொண்டுவந்து நீட்டினா. துளசிமணி ரெண்டு கையாலயும் வாங்கி ஒரு மொடக்கு குடிச்சா, சொம்பத் திருப்பிக் குடுத்தா.

"அன்னிக்கு நான் உள்ளதான்" அப்படின்னு ஆரம்பிச்சா.

"தெரியும் அம்மணி. வாசம் வந்துது. மூடினா நின்னுருமா? உனக்குச் சொல்லிக்குடுத்ததே நான். வெங்காயம் சித்தெ கருகிருச்சு அன்னிக்கு."

"அப்பறம் ஏன் நங்கே யாருகிட்டயும் சொல்லல? ஊரே உங்கள..."

"என்னன்னு சொல்றது? ஊட்டுக்குள்ள இருந்துக்கிட்டே வான்னு கேக்கலைன்னு சொன்னா உனக்கு அசிங்கம். கூப்புடலைன்னு பேசினா எனக்கு அசிங்கம். யாராச்சும் ஒருத்தரு சொமக்கோணுமில்ல." நாச்சம்மா சேலைத் தலைப்புல கரண்டியத் தொடைச்சா, அப்படித் தொடைக்கறவ இல்ல அவ. "ஒரு வருசம் சொமந்தேன். ரெண்டாவது வருசந்தான் கொஞ்சம் கனமா இருந்துச்சு."

துளசிமணி சோத்துப் போசிய முன்னால வெச்சு, துணிய அவுத்து, மூடியத் தொறந்தா. ஒரு கொரலும் வரல. நாச்சம்மா குனிஞ்சு மோந்து பாத்தா. "இப்ப செரியாத்தான் இருக்குது"ன்னா. ரெண்டு போசியில இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரே வட்டில்ல போட்டு, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாமத் தின்னாங்க, பேச்சுக்குப் பேரு வாங்கின நாச்சம்மா ஒரு வார்த்தை பேசல, அதுதான் துளசிமணிக்கு அவ வாழ்க்கையில கெடைச்ச பெரிய தண்டனை.

கெளம்பற நேரம். "போயிட்டு வர்றேன் நங்கே"ன்னா. நாச்சம்மா செரின்னு சொல்லல. "இரு"ன்னு சொல்லிட்டு உள்ள போனா. பீரோ தொறக்கற சத்தம் கேட்டுது. தட்டத்தோட வந்தா. தட்டத்துல வெத்தல, பாக்கு, குங்குமச் சிமிழ், அதுக்கு மேல ஒரு கல்யாணப் பத்திரிகை, நாலு மூலையிலயும் தடவின மஞ்சள் காஞ்சு உதுந்துபோயி, மடிப்பு பழுத்துக் கெடந்துது. மேகலாவுக்கு இப்ப கைப்புள்ள ஒண்ணு இருக்குது, ஈரோட்டுல.

நாச்சம்மா நேரா நின்னா. சேலையச் சரிபண்ணிக்கிட்டா. அன்னிக்கு வாசப்படியில சொல்லறதுக்காகப் பஸ்ஸுல வர்றப்ப எல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தத, ஒரு வார்த்தை கொறையாம, வாங்க போங்கன்னு மரியாதை வெச்சுச் சொன்னா.

"நம்ம மேகலாவுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறோம். அத்தைக்காரிதான் முன்னால நிக்கோணும். நீங்களும் உங்க ஊட்டுக்காரரும் மொத நாளே வந்துருங்க."

துளசிமணி தட்டத்த ரெண்டு கையாலயும் வாங்கினா. குங்குமம் எடுத்து நெத்தியில வெச்சுக்கிட்டா. பத்திரிகையில இருந்த தேதியப் பாத்தா. பாத்துட்டு, வர்ற மாசம் நடக்கப்போற கல்யாணத்துக்குச் சொல்லற மாதிரியே சொன்னா.

"மொத நாளே வந்தர்றோம் நங்கே."

"வரோணும்"னா நாச்சம்மா. சொல்லிட்டு வாசலுக்கு எறங்கினா. துளசிமணி தண்ணி குடிச்ச கொழாய் சரியா மூடாமச் சொட்டிக்கிட்டே இருந்துது. நாச்சம்மா அத நல்லா இறுக்கி மூடினா.